அவர் கேட்டது தண்ணீர்



சென்ற வாரம் இளைஞர் ஒருவர் தம் தாயாரோடு என்னைப் பார்க்க வந்தார். கல்லூரிப் படிப்பு முடிந்துவிட்டது. வேலையில் சேருமுன் சில மாதங்கள் கொல்கத்தாவில், அன்னை தெரேசாவின் சகோதரிகள் நடத்தும் இல்லங்களில் தொண்டு செய்ய ஆசைப்படுகிறார். தாயாருக்கோ கவலை. "மொழி தெரியாது, ஆள் தெரியாது. அங்கே போய் இவன் என்ன செய்யப்போகிறான், சாமி?" என்று கேட்டார்கள்.

அவர்களுக்கு விடை சொல்லும்போது, நீண்ட காலமாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். இன்று உங்களிடமும் சொல்கிறேன்.

1990-களின் தொடக்கத்தில் நான் குருமாணவன். ஒரு கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து கோரமண்டல் விரைவு வண்டி ஏறி ஹவுராவில் இறங்கினேன். பெரிய சேவை செய்யப்போகிறேன் என்ற நினைப்பு. தினமும் காலை ஆறு மணிக்கு அன்னையின் தலைமை இல்லத்தில் திருப்பலி. நாற்காலி கிடையாது, தரையில்தான் அமர வேண்டும். திறந்த சன்னல் வழியாக வரும் தெருச் சத்தத்தில் குருவின் குரலே பாதிதான் கேட்கும். பிறகு தேநீர், ரொட்டி, ஒரு வாழைப்பழம். அதன்பின் தொண்டர்கள் ஆளுக்கொரு இல்லமாகப் பிரிந்து போவோம். எனக்குக் காளிகாட் கிடைத்தது.

காளி கோயிலை ஒட்டிய அந்தக் கட்டடம் முன்பு யாத்திரிகர் தங்கும் சத்திரமாக இருந்தது. தெருவில் இறந்துகொண்டிருந்தவர்களுக்காக 1952-இல் அன்னை அதை இல்லமாக்கினார். நிர்மல் ஹிருதய் என்று பெயர். அங்கே எனக்குத் தரப்பட்ட வேலை துணி துவைப்பது. போர்வைகளைத் தொட்டியில் போட்டுக் காலால் மிதிப்போம். பிழிந்து மாடியில் காயப்போடுவோம். பாத்திரம் கழுவுவோம். இறையியல் படிக்கிற எனக்கு இதுதானா வேலை என்று மனத்துக்குள் குறைதான்.

ஒரு புதன்கிழமை, முதியவர் ஒருவர் அருகில் என்னை உட்காரச் சொன்னார்கள். எலும்பும் தோலுமாக இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜொல்... ஜொல்..." என்றார். என் காதில் அது 'சொல்' என்று விழுந்தது. தமிழராக இருப்பாரோ, பேச்சுத் துணை தேடுகிறாரோ என்று மகிழ்ந்துபோனேன். என் ஊரைப் பற்றிச் சொன்னேன், அம்மாவைப் பற்றிச் சொன்னேன், செபமாலையில் ஒரு பத்து மணியும் சொன்னேன். அவர் மீண்டும் மீண்டும் "ஜொல்" என்றார். நான் மீண்டும் மீண்டும் பேசினேன். கடைசியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர் சிரமப்பட்டு எழுந்து, மூலையில் இருந்த குடத்தைக் காட்டினார். வங்காளத்தில் 'ஜொல்' என்றால் தண்ணீர்.

ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். இரண்டு மடக்குக் குடித்தார். என் கன்னத்தைத் தொட்டார்.

மறுநாள் வியாழன், தொண்டர்களுக்கு ஓய்வு நாள். வெள்ளிக்கிழமை போனபோது அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

சகோதரிகளின் சிற்றாலயங்களில், பாடுபட்ட சுரூபத்தின் அருகே, சிலுவையில் ஆண்டவர் தமக்குத் தாகம் என்று சொன்ன அந்த வார்த்தையை எழுதி வைத்திருப்பார்கள். தினமும் காலையில் அதற்கு முன்னால்தான் நான் அமர்ந்திருந்தேன். கிரேக்கத்தில் அந்த வார்த்தை எனக்குத் தெரியும். வங்காளத்தில் தண்ணீருக்குப் பெயர் தெரியவில்லை. கல்வாரியிலும் இப்படி நடந்தது. இயேசு 'ஏலி' என்று இறைவனை நோக்கிக் கதறியபோது, அங்கே நின்ற சிலர் அவர் எலியாவைக் கூப்பிடுவதாக எண்ணிக்கொண்டார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். தங்களுக்குப் பழக்கமான பெயரையே அவர்கள் கேட்டார்கள்.

அன்னை தெரேசாவைப் பாருங்கள். 1929-இல் இந்தியா வந்தபோது அவருக்கு வயது 18. வங்காளமும் இந்தியும் கற்றார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, ஏழைகளுக்கெனத் தம் துறவு இல்லத்தை விட்டு வெளியே வந்தபோதும், நேரே சேரிக்குப் போகவில்லை. பாட்னாவுக்குப் போய், நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சியை முதலில் பெற்றார். கொடுக்கப் போகுமுன் மாணவியாக உட்கார்ந்தார்.

அதனால் அந்தத் தாயாரிடம் சொன்னேன்: "மகன் போகட்டும், அம்மா. துணி துவைக்கட்டும், வழி தெரியாமல் தடுமாறட்டும், பிறரிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் போகுமுன் பத்து வங்காளச் சொற்களாவது படித்துவிட்டுப் போகட்டும். முதல் சொல்லை நானே சொல்லித் தருகிறேன்."

அன்பர்களே, எல்லாரும் கொல்கத்தாவுக்குப் போக வேண்டியதில்லை. நம் ஊர்க் கட்டட வேலையிலும் உணவகங்களிலும் வங்காளத்திலிருந்து வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த ஊர் அவர்களுக்குப் புதிது. அவர்களில் ஒருவருடைய பெயரையாவது கேட்டு வைத்திருக்கிறோமா? நம் வீட்டிலேயே, தமிழிலேயே, ஏதோ ஒன்றை மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டிருக்கும் வயதான தாய் தந்தைக்குச் செவிகொடுக்கிறோமா? இந்த வாரம் அவர்களில் ஒருவர் அருகில் பத்து நிமிடம் உட்காருங்கள். அறிவுரை வேண்டாம். அவர் பேசட்டும்.

தாகத்தோடு சிலுவையில் தொங்கிய ஆண்டவரே, எங்கள் பேச்சைக் குறைத்து, எங்கள் செவிகளைத் திறந்தருளும். தொண்டு செய்யப் புறப்படும் எங்கள் பிள்ளைகளுக்குத் துணையாக வாரும். ஆமென்.