தோண்டுவார்க்கே ஊறும்

(திருத்தணியில் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

திருத்தணி மலை தமிழகத்தின் வடவெல்லைக் காவல்மலை. 1911இல் சித்தூர் மாவட்டம் வகுக்கப்பெற்றபொழுது இவ்வூர் அதனுள் அடக்கப்பெற்றது. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபொழுது, சித்தூரோடு சேர்ந்து திருத்தணியும் அங்கே போயிற்று. தமிழர் கிளர்ந்தெழுந்தனர், சிறை புகுந்தனர். ம.பொ.சிவஞானம் முதலியோர் முன்னின்ற அவ்வெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்பிரல் 1ஆம் நாள் திருத்தணி தமிழ்நிலத்தோடு மீண்டும் இணைந்தது. இவ்வரலாறு இங்குள்ள பெரியோர் அனைவரும் அறிந்ததே.

ஆனால், அப்போராட்டத்தின் வேரைத் தேடிச் செல்வார், ஒரு திண்ணைப் பலகையின் முன் போய் நிற்பர். இவ்வெல்லைப்புறச் சிற்றூர்களில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துத் தமிழ் கற்பித்தார் மங்கலங்கிழார். திருத்தணி மீண்ட நாளைக் காண அவர் இருந்திலர், 1953இலேயே மறைந்தார். எனினும் இம்மண்ணில் தமிழ் பேசவும் எழுதவும் வல்ல ஒரு தலைமுறையை அவர் முன்னரே ஆக்கி வைத்திருந்தார். கற்பித்தவர் காத்த எல்லையையே போராடியவர் மீட்டனர் என்பதே உண்மை.

இன்று நிலத்தின் எல்லை மீண்டுவிட்டது. அறிவின் எல்லை மீண்டதா? இதுவே இன்றைய வினா.

பொதட்டூர்ப்பேட்டையில் விசைத்தறி ஓட்டும் நெசவாளி ஒருவரின் மகளை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் தமிழ்வழி இயற்பியல் பயில்கிறாள். தனிப்பயிற்சிக்குப் பணம் இல்லை. ஆனால் வீட்டில் ஒரு கைப்பேசி உண்டு. முன்னாளில் எந்த மன்னன் மகளுக்கும் கிட்டாத பேறு அக்கைப்பேசிக்குள் இருக்கின்றது. அமெரிக்காவின் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களைக் கட்டணமின்றி இணையத்தில் வைப்பதாக 2001இல் அறிவித்தது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் அறிவியற் கழகமும் கூடி 2003இல் தொடங்கிய திட்டத்தின்வழி, ஆயிரக்கணக்கான மணிநேர விரிவுரைகள் இன்று எவர்க்கும் திறந்து கிடக்கின்றன. சென்னையில் பேராசிரியர் வி. பாலகிருட்டிணன் நிகழ்த்திய இயற்பியல் விரிவுரைகளை உலகின் பல நாட்டு மாணவரும் விரும்பிக் கேட்கின்றனர். பள்ளிப் பிள்ளைகளுக்கெனத் தமிழக அரசு 2019இல் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. 2020இல் கொள்ளைநோயாற் பள்ளிகள் மூடப்பெற்றபொழுது பாடங்கள் அதன்வழி வீடுதேடி வந்தன. 2023இல் 'மணற்கேணி' என்னும் கைப்பேசிச் செயலியும் வந்தது.

மணற்கேணி என்னும் பெயர் குறளிலிருந்து எடுக்கப்பெற்றது. வள்ளுவர் அங்கே கல்வியைக் கேணியின் நீர்வளத்தோடு ஒப்பிடவில்லை. கேணியைத் தோண்டுதலோடு ஒப்பிட்டார். இந்த நுட்பத்தை உணர்ந்தாற் போதும், இணையவழிக் கல்வியின் வலிமையும் நொய்ம்மையும் ஒருங்கே விளங்கிவிடும். காணொளியைப் பார்த்துக்கொண்டே இருப்பது கேணியின் கரையில் நின்று பிறர் தோண்டுவதைக் காண்பதாகும். காண்பவனுக்கு வியப்பு உண்டாகும், நீர் உண்டாகாது.

நெசவாளி மகளுக்கு இது புதிய செய்தியன்று. தறியின் பக்கத்தில் பத்தாண்டு நின்று பார்த்தவனும், அறுந்த இழையைத் தானே எடுத்து முடிச்சிடாதவரை நெசவாளி ஆகான். இயற்பியலில் அறுந்த இழை என்பது கணக்கு. விரிவுரையாளர் பலகையில் எழுதும்பொழுது ஒவ்வோர் அடியும் தெளிவாகவே தோன்றும். காணொளியை நிறுத்தித் தாளை எடுத்தவுடன் முதலடியே வாராது. அந்த வாராமையே கல்வியின் தொடக்கம். பலர் அங்கே அஞ்சி, அடுத்த காணொளிக்குத் தாவிவிடுகின்றனர்.

இவ்வுண்மையை உலகறிந்த ஆசிரியர் ஒருவரே ஒப்புக்கொண்டுள்ளார். இயற்பியலறிஞர் இரிச்சர்டு பெயின்மன் 1961 முதல் 1963 வரை கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிகழ்த்திய விரிவுரைகள் மூன்று பெருந்தொகுதிகளாயின. 2013 முதல் அவை இணையத்திற் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. அத்துணைச் சிறந்த விரிவுரைகளுக்கு எழுதிய முன்னுரையில், மாணவர்க்குத் தாம் போதிய அளவு பயன்பட்டோமா என்று அவரே ஐயுற்றார். மாணவனும் ஆசிரியனும் நேரிற் கலந்து எண்ணுமிடத்தேதான் கற்பித்தல் சிறக்கும் என்பது அவர் கருத்து. கணக்குகளைத் தீர்க்கும் முறை பற்றியும் அவர் முதலாண்டில் உரை நிகழ்த்தினார். அவ்வுரைகள் அப்பெருந்தொகுதிகளிற் சேர்க்கப்பெறவில்லை. பின்னரே தனி நூலாக வெளிவந்தன. அவற்றை அவர் யாருக்காகப் பேசினார் தெரியுமா? வகுப்பில் இறுதியிடத்தில் நிற்கும் மாணவனுக்காக! தன் ஊர்ப் பள்ளியில் முதல்வனாய் இருந்து, பெருங்கல்லூரியில் கடையனாகிக் கலங்கி நிற்பவனுக்காக! பொதட்டூர்ப்பேட்டையிலிருந்து பெருநகர்க் கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் கலக்கமும் அதுவேயன்றோ?

இனி, கணக்கொன்றைத் தமிழிலேயே தோண்டிப் பார்க்கலாம். அதற்குத் திருத்தணி மலையே போதும்.

குன்றின் மேலுள்ள முருகன் கோயிலுக்குப் படிகள் 365. ஒவ்வொரு படியும் 15 செண்டிமீட்டர் உயரம் எனக் கொள்வோம். 60 கிலோகிராம் நிறையுள்ள மகள் 15 மணித்துளியில் ஏறுகிறாள். 60 கிலோகிராம் நிறையுள்ள தந்தையோ 10 கிலோகிராம் காவடி சுமந்து 30 மணித்துளியில் ஏறுகிறார். மிகுந்த வேலை செய்தவர் யார்? மிகுந்த திறன் காட்டியவர் யார்?

முதலில் உயரம். 365ஐ 15ஆற் பெருக்க 5475 செண்டிமீட்டர்; அஃதாவது 54.75 மீட்டர். அடுத்து எடை. நிறை வேறு, எடை வேறு. நிறையைப் புவியீர்ப்பு முடுக்கமாகிய 9.8ஆற் பெருக்கினால் எடை வரும். மகளின் எடை 588 நியூட்டன். காவடியோடு தந்தையின் எடை 686 நியூட்டன். எடையை எதிர்த்து உயர்ந்த உயரத்தால் அவ்வெடையைப் பெருக்கினால் வேலை. மகள் செய்த வேலை ஏறத்தாழ 32,200 சூல். தந்தை செய்தது ஏறத்தாழ 37,600 சூல். வேலையில் தந்தையே மிக்கார். வேலையைக் காலத்தால் வகுத்தால் திறன். மகளுக்கு 900 நொடி. ஆகவே ஏறத்தாழ 36 வாட். தந்தைக்கு 1800 நொடி. ஏறத்தாழ 21 வாட். திறனில் மகளே மிக்காள்!

இங்கே நின்றுவிடலாகாது. கணக்கைத் தீர்த்தவன் அதனை மேலும் கிண்டவேண்டும். தந்தை மலையுச்சியில் காவடியோடு அசையாது கால்மணி நேரம் நின்றாரென்றால், காவடிமேல் அவர் செய்த வேலை எவ்வளவு? இயற்பியலின்படி சுழி! பின் ஏன் தோள் நோகிறது? தசைநார்கள் ஓயாமற் சுருங்கி விரிந்து ஆற்றலைச் செலவிட்டு வெப்பமாக்குகின்றன. இருவரும் ஏறிய படிவழியே இறங்கிவிட்டால், ஏறி இறங்கியதில் புவியீர்ப்பு செய்த மொத்த வேலை எவ்வளவு? அதுவும் சுழி. பின் உடல் ஏன் களைக்கிறது? ஏறும்பொழுது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே உயரமாக மாறுகிறது. எஞ்சியது வெப்பமாய்ப் போய் வியர்வையாய் வெளிப்படுகிறது. மகள் ஏறுவதற்குச் செலவிட்டது மொத்தம் ஏறத்தாழ 31 கிலோகலோரி. ஒரு சிறிய இட்டிலி தரும் ஆற்றல் அவ்வளவுதான்!

இவ்வளவும் சொல்லி முடிக்க எந்த அயற்சொல்லின் காலில் விழ வேண்டியிருந்தது? அளவைப் பெயர்களையும் அறிஞர் பெயர்களையும் தவிர ஒன்றுமில்லை. விசை, வேலை, ஆற்றல், திறன், நிறை, எடை என்பன வீட்டுச் சொற்கள். விசைத்தறி வீட்டுப் பிள்ளை 'விசை'யைத் தொட்டிலிலேயே கேட்டவள். அச்சொல்லுக்கு இயற்பியல் வரையறுக்கும் பொருளை உணர்வது மட்டுமே அவள் செய்யவேண்டிய பணி. ஆங்கில விரிவுரையைக் கேட்கும்பொழுதோ அவளுக்கு இரட்டைச் சுமை: ஒரு தோளில் மொழி, மறு தோளில் பொருள். இரண்டையும் சுமந்து ஏறுபவள் பின்தங்கினால், அவள் அறிவிற் குறைந்தவள் என்று சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை!

தமிழால் இயலுமா என்று இன்றும் கேட்பார் உளர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், பின்னர்த் தமிழுக்கு மாறினார். மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவரை உருவாக்கினார். 1936இல் விபுலானந்த அடிகள் தலைமையில் அறிஞர் கூடிக் கலைச்சொல் ஆய்ந்தனர். 1938இல் ஏறத்தாழ பத்தாயிரம் சொற்கள் கொண்ட கலைச்சொல் நூலைச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. தமிழால் இயலும் என்பது நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னரே மெய்ப்பிக்கப்பெற்றது.

வாயில்களும் ஓரளவு திறந்துள்ளன. மருத்துவ நுழைவுத்தேர்வின் வினாத்தாள் 2017 முதலும், பொறியியல் முதன்மை நுழைவுத்தேர்வின் வினாத்தாள் 2021 முதலும் தமிழிலும் தரப்பெறுகின்றன. ஆனால் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களுட் புகுதற்குரிய இரண்டாங்கட்ட உயர்நிலைத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கின்றது. இந்தி பேசும் மாணவன் தன் தாய்மொழியில் எண்ணித் தன் தாய்மொழியில் விடையளிக்கலாம். தமிழ் மாணவனுக்கு அவ்வுரிமை இல்லை. சென்னைக் கிண்டியில் தமிழ்மண்ணின்மீது நிற்கும் கழகத்தின் கதவும் அவனுக்கு அவ்வாறே சாத்திக் கிடக்கிறது. இவ்வநீதியை எதிர்த்துக் குரலெழுப்புவது தமிழர் கடமை.

எனினும் குற்றத்தை எல்லாம் பிறர்மீது ஏற்றிவிட்டு ஓய்ந்திருத்தல் தகாது. தமிழன்பர்தம் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. சொல் ஆக்குவதில் அவர்தம் ஊக்கம் பெரிது. அச்சொல்லை வைத்து ஒரு கணக்கு ஆக்குவதில் ஊக்கம் சிறிது. ஓர் அயற்சொல்லுக்கு ஐந்து தமிழ்ச்சொற்கள் படைத்து, அவற்றுள் எது சிறந்தது என்று ஆண்டுக்கணக்கிற் சொற்போர் புரிவர். அவ்வைந்தில் ஒன்றைக் கொண்டேனும் ஒரு பிள்ளை ஒரு கணக்கைத் தீர்த்தாளா என்று கேட்பார் அரியர். ஆளப்பெறாத சொல் அகரமுதலிக்குள் உறங்கும் சொல். பிள்ளையின் கைத்தாளில் ஏறிய சொல்லே வாழும் சொல்.

ஆகலின், செய்யவேண்டுவன இவை. இயற்பியல் கற்ற தமிழ் ஆசிரியர் ஒவ்வொருவரும், அடிதோறும் விளக்கிய கணக்குகளைத் தமிழில் எழுதுக, காணொளியாகவும் வெளியிடுக. மலைப்படியும் ஏற்றமும் தறியும் தொடர்வண்டியும் அக்கணக்குகளில் இடம்பெறுக. ஊர்தோறும் ஒரு திண்ணை வேண்டும். மாலையில் மாணவர் ஐவர் கூடி, காணொளியைக் கால்மணி பார்த்து, நிறுத்தி, முக்கால்மணி தாளில் உழுக. தெரிந்தது யாது, தேடுவது யாது என்று முதலில் தமிழில் எழுதுக, படம் வரைக, அளவைகளை ஒத்துப் பார்க்க, வந்த விடை உலகியலுக்குப் பொருந்துமா என்று இறுதியில் வினவுக. பிழைத்த தாளைக் கிழித்தெறியற்க. பிழை எந்த அடியிற் புகுந்தது என்று கண்டு குறித்து வைக்க. ஆங்கில விரிவுரையை வெறுத்து ஒதுக்கவும் வேண்டா. அங்கிருந்து பொருளைக் கொள்க. சிந்தனையைத் தமிழில் நடத்துக.

பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளை கணக்கின்முன் அரைமணி வாளா அமர்ந்திருந்தால், ஒன்றும் செய்யவில்லை என்று கடிந்துகொள்ளாதீர். கேணியில் நீர் வருமுன் வெறும் மணல்தான் வரும்.

ஆண்டுதோறும் திசம்பர் 31இல் இம்மலையிற் படித்திருவிழா நடக்கின்றது. அன்று 365 படிகளிலும் ஒவ்வொரு படியாய் நின்று பாடி ஏறுகின்றனர். ஒரு படியையும் தாண்டிச் செல்வாரில்லை. தமிழ்ப் பிள்ளைகள் அறிவியல் மலையையும் அவ்வாறே ஏறுக! ஒவ்வொரு படியிலும் நின்று, ஒவ்வோர் அடியையும் தம் கையால் எழுதி, தம் மொழியால் எண்ணி ஏறுக! மங்கலங்கிழார் அன்று திண்ணையிற் காத்த வடவெல்லை இன்று அறிவெல்லையாய் நிற்கின்றது. அதனைக் காக்கப் படை வேண்டா. ஒரு பலகையும் ஐந்து பிள்ளைகளும் தோண்டச் சலியாத கைகளும் போதும்.

தமிழ் வெல்க! தமிழர் அறிவு வெல்க!