விருந்தினர் கணிப்பொறியும் நினைவகமும்



ஒரு கணிப்பொறிக்குள் பல கணிப்பொறிகளைக் குடியமர்த்தும் முறை புதிதன்று, ஐ.பி.எம். நிறுவனம் 1972-லேயே வி.எம்./370 என்னும் அமைப்பை அறிவித்தது. உள்ளே குடியிருப்பதை ‘விருந்தினர்’ என்றும், மேற்பார்வை செய்யும் மென்பொருளை ஹைப்பர்வைசர் என்றும் வழங்குகின்றனர். வாடகை கொடுத்துத் தங்குகிறவரை விருந்தினர் என்பது எனக்குச் சற்று உறுத்துகிறது; குடித்தனக்காரர் என்றால் தகும். ஆயினும் வழக்கு நிலைத்துவிட்டது.

செயலிக்கும் நினைவகத்திற்கும் வேகத்தில் பெரிய இடைவெளி உண்டு. ஆகவே செயலி, அடிக்கடி வேண்டுவனவற்றை ‘கேஷ்’ என்னும் சிறிய, விரைவான இடத்தில் வைத்துக்கொள்கிறது. அலுவலகக் குமாஸ்தா ஒருவரை எண்ணிப் பாருங்கள். பேரேடு பதிவறையில் இருக்கிறது. அவரோ திருத்தங்களை மேசைமேலுள்ள தாளில் குறித்துக்கொண்டு, பிறகு பேரேட்டில் ஏற்றுகிறார். நினைவகத்தின் ஒரு பகுதியை இவ்வாறு கையாளலாமா, அன்றி ஒவ்வொரு முறையும் பதிவறைக்கே நடக்க வேண்டுமா என்று அறிவிக்கும் குறிதான் கேஷ் பண்பு. சில சாதனங்கள் மேசைத் தாளைப் பாராமல் பேரேட்டை மட்டுமே படிக்கும். இரண்டாம் முறை அவற்றிற்காக வேண்டியிருக்கிறது.

இப்பண்பை விதிப்பவர் யார்? விருந்தினரிடம் ஓர் அட்டவணை. ஹைப்பர்வைசரிடம் மற்றோர் அட்டவணை. இரண்டும் முரண்பட்டால் வேகம் மட்டுமா போகும்? ஒருவர் காலிசெய்த நினைவகத்தைப் பூச்சியங்களால் அழித்து அடுத்தவருக்கு அளிப்பதாகக் கொள்வோம். அழித்த குறிப்பு மேசைத் தாளில்தான் இருக்கிறது. பேரேட்டில் இன்னும் ஏறவில்லை. புதியவர் ‘கேஷ் வேண்டாம்’ என்று நேரே பதிவறைக்குச் சென்றால், முன்னவரின் கடவுச்சொல்லோ வங்கிக் கணக்கோ அப்படியே அவர் கண்ணில் படக்கூடும்.

லினக்ஸில் 2007-இல் இடம்பெற்ற கே.வி.எம்., இன்டெல் செயலிகளில் இதற்குக் கண்டிப்பான ஒரு வழியைக் கையாண்டது. ஹைப்பர்வைசரின் அட்டவணையில் ‘விருந்தினர் சொல்லைப் புறக்கணி’ என்று ஒரு பிட் உண்டு. மேசைத் தாளைப் பாராத சாதனம் எதுவும் விருந்தினரிடம் ஒப்படைக்கப்படாதவரை அதை இட்டுவைத்து, யாவும் கேஷ் வழியே நடக்கச் செய்தது.

2024-இல் அக்கண்டிப்பைத் தளர்த்தினர். முரண்பாட்டைத் தாமே சரிசெய்துகொள்ளும் செயலிகளில் விருந்தினர் சொல்லை மதித்தால் என்ன என்பது அவர்கள் எண்ணம். நேர்மையான எண்ணமே! ஆனால் விருந்தினருக்குள் இயங்கும் திரை இயக்கி ஒன்று, தன் பட நினைவகத்தைத் தேவையின்றியே கேஷ் அற்றதாகக் குறித்து வைத்திருந்தது. அதுவரை அக்குறியை எவரும் மதியாததால் குறை வெளிப்படவில்லை. மதிக்கத் தொடங்கியதும், சில புதிய செயலிகளில் விருந்தினர் கணிப்பொறி எழுந்து நிற்கவே இயலாத அளவு தாமதமாயிற்று. மாற்றம் அவ்வாண்டே திரும்பப் பெறப்பட்டது.

ஆர்ம் செயலிகளில் இரு அட்டவணைகளுள் கடுமையானது எதுவோ அதுவே வெல்லும். விருந்தினர் விழித்தெழும்போது கேஷ் அணைந்திருக்குமாதலால், ஹைப்பர்வைசர் கேஷைத் துடைத்துத் துடைத்து ஓயவேண்டியிருந்தது. ஆர்ம்வி8.4 பதிப்பில் வந்த வசதி, விருந்தினர் என்ன குறித்திருந்தாலும் கேஷ் வழியே செலுத்த இடந்தருகிறது. கே.வி.எம். 2018-இல் அதை ஏற்றுக்கொண்டது.

பேரேட்டை மட்டுமே படிக்கும் சாதனத்தை ஒப்படைத்த இடத்தில் இவ்வழி செல்லாது. அங்கே விருந்தினர் சொல்லை மதித்தாக வேண்டும்; நினைவகத்தைக் கைமாற்றுமுன் மேசைத் தாளிலுள்ளவற்றையெல்லாம் பேரேட்டில் ஏற்றிவிடவும் வேண்டும். அதற்கு நேரம் செலவாகும்.