பயிலுநராகப் புறப்படும் முதல் வருடம்

(நூற்றாண்டு விழாவையொட்டி உயர்தர வகுப்பு மாணவிகளுக்கும் பெற்றோருக்குமாகச் சங்கம் நடத்திய தொழில் வழிகாட்டல் நிகழ்வில், மருத்துவத்துறையிலுள்ள பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கம்பனிகளும் வங்கிகளும் பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்க்கும் திட்டங்களைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். வைத்தியசாலைக்கு வெளியே வேலை பார்த்தறியாத நாங்கள் இதைப்பற்றி என்ன சொல்வது என்று முதலில் யோசித்தோம். பிறகு, எங்களோடு ஒன்றாகப் படித்து வர்த்தகப் பிரிவுக்கும் கணிதப் பிரிவுக்கும் போய், இன்று கம்பனிகளில் பொறுப்பான பதவிகளில் இருக்கும் தோழிகளிடம் விசாரித்தோம். அவர்கள் சொல்லச் சொல்ல எங்களுடைய உள்ளகப் பயிற்சிக் காலமே ஞாபகத்துக்கு வந்தது.

மருத்துவப் பரீட்சையில் சித்தியடைந்த உடனேயே எவரும் முழு மருத்துவராகிவிடுவதில்லை. இலங்கை மருத்துவ சபை முதலில் தற்காலிகப் பதிவே தரும். அதன் பின் 12 மாதங்கள், ஆறு மாதம் ஒரு துறையிலும் அடுத்த ஆறு மாதம் வேறொரு துறையிலும், வைத்திய நிபுணர் ஒருவரின் பொறுப்பின் கீழ் வேலை செய்யவேண்டும். அதைத் திருப்தியாக முடித்தால்தான் முழுப் பதிவு. அந்த வருடத்தில் சம்பளமும் உண்டு, படிப்பும் உண்டு.

முகாமைத்துவப் பயிலுநர் திட்டமும் ஏறக்குறைய இப்படித்தான். வெற்றிடம் ஒன்றுக்கு ஆள் எடுத்து ஒரே மேசையில் இருத்திவிடுவதல்ல அது. ஒரு வருடம், சில இடங்களில் ஒன்றரை அல்லது இரண்டு வருடம், விற்பனை, கணக்கு, கொள்வனவு, ஆளணி, தொழிற்சாலை என்று பிரிவு பிரிவாக அனுப்புவார்கள். மூத்த அலுவலர் ஒருவர் வழிகாட்டியாக இருப்பார். இடையிடையே மதிப்பீடு நடக்கும். முடிவில் பொருத்தமான பிரிவில் பதவி கிடைக்கும். பட்டயக் கணக்காளராக விரும்புபவர்களுக்கும் மூன்று வருடச் செயன்முறைப் பயிற்சி இருப்பது உங்களிற் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

பயிலுநர் என்ற பெயரில் உங்களுக்கு ஒரு பெரிய உரிமை இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். எங்கள் பாடசாலையில் முதலாம் இரண்டாம் பிள்ளைகளாக வந்தவர்களுக்கு இதுதான் மிகக் கஷ்டம். உள்ளகப் பயிற்சியில் நாங்கள் முதலிற் பழகியது ஊசி போடுவதல்ல, நேரத்தோடு மேலே அறிவிப்பதுதான். இரவு இரண்டு மணிக்கு விடுதியில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் குறைகிறது என்றால், மூத்த மருத்துவரை அழைத்து நோயாளியின் வயது, வந்த காரணம், இப்போது காண்பது, இதுவரை செய்தது, எங்களுக்கு வேண்டிய உதவி என்று வரிசையாகச் சொல்லவேண்டும். நித்திரையைக் குழப்பியதற்காக அவர் சினந்தாலும் பரவாயில்லை. தாமதித்தால் போவது ஓர் உயிர்.

கம்பனியிலும் இதே முறைதான் என்று தோழிகள் சொன்னார்கள். களஞ்சியக் கணக்கு இருப்போடு பொருந்தவில்லை என்றால் அன்றைக்கே சொல்லும் பயிலுநரை நம்புவார்கள். தானே சரிப்பண்ணலாம் என்று மாதக் கடைசிவரை மறைத்து வைப்பவரை நம்பமாட்டார்கள்.

இனித் தெரிவைப் பற்றி. பல கம்பனிகள் இறுதி வருட மாணவர்களிடமிருந்தே விண்ணப்பம் கோருகின்றன. பட்டமளிப்பு முடியட்டும் என்று இருந்தால் அந்த வருடத்துக்கான தெரிவு முடிந்திருக்கும். முதலில் இணையவழியில் எண்கணிதமும் தர்க்கமும் சார்ந்த நுண்ணறிவுப் பரீட்சை, பிறகு குழுக் கலந்துரையாடல், கடைசியில் நேர்முகத் தேர்வு என்பது வழக்கமான ஒழுங்கு. எங்கள் பிள்ளைகள் பரீட்சையில் தேறிக் கலந்துரையாடலில் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அங்கே உரத்துப் பேசுபவருக்குத்தான் புள்ளி என்று நினைக்கவேண்டாம். மற்றவர் சொன்னதைக் கேட்டு அதிலிருந்து அடுத்த படிக்குப் போகிறவரையும், பேசாதிருப்பவரைப் பேச வைப்பவரையும் கவனிப்பார்கள். வலைப்பந்தாட்ட அணியை நடத்தியதும், இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கணக்கு வைத்திருந்ததும் விண்ணப்பத்தில் எழுதக்கூடிய அனுபவங்களே. ஆங்கிலம் கட்டாயம் வேண்டும். சிங்களமும் தெரிந்தால் தொழிற்சாலையிலும் விற்பனையிலும் மனிதரோடு பழகலாம். இரண்டையும் இப்போதே தொடங்குங்கள்.

கடிதம் வந்தால் கையொப்பமிட முன் சில கேள்விகளைக் கேளுங்கள். எந்தெந்தப் பிரிவுகளில் எத்தனை மாதம்? வழிகாட்டி யார்? முடிவில் பதவி நிச்சயமா, மதிப்பீட்டைப் பொறுத்ததா? இடையில் விலகினால் பணம் கட்டவேண்டிய ஒப்பந்தம் உண்டா, எவ்வளவு? ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதமும், தொழில் தருநர் பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர்களிடமிருந்து இன்னும் 3 வீதமும் சேரவேண்டும். தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கும் அது உண்டு. பயிலுநர் என்று பெயர் வைத்து, ஒரே கருமபீடத்தில் வருடம் முழுக்கக் குறைந்த சம்பளத்தில் வேலை வாங்கும் இடங்களும் இருக்கின்றன. உங்களுக்குக் கற்றுத்தரப் பொறுப்பானவர் யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் பயிற்சியும் இல்லை.

இப்போது பெற்றோரிடம் ஒரு வார்த்தை. 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டது. வெளிமாவட்ட வைத்தியசாலைகள் கிடைத்த எங்கள் தோழிகள் கப்பலில் திருகோணமலைக்குப் போய் அங்கிருந்து பஸ் ஏறினார்கள். இரவுக் கடமை செய்தார்கள், முன்பின் தெரியாத ஊர்களில் தங்கினார்கள். பயந்து பயந்தென்றாலும் நீங்கள் அனுப்பி வைத்தீர்கள். மருத்துவம் என்றபடியால் அனுப்பினீர்கள். அதே காலத்தில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்குக் கொழும்பில் தனியார் நிறுவனம் ஒன்றிலிருந்து பயிலுநர் நியமனம் வந்தது. "கம்பனி வேலைக்காகப் பொம்பிளைப் பிள்ளையைத் தனிய விடுறதோ" என்று வீட்டில் மறித்துவிட்டார்கள். அரச நியமனம் வருமட்டும் நாலு வருடம் வீட்டில் இருந்தாள். இன்று நல்ல ஆசிரியை, மாணவர்கள் அவளை விரும்புகிறார்கள். ஆனால் அந்த நாலு வருடத்தை யாரும் அவளுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அன்றைய பயத்துக்குக் காரணம் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் எங்களை அனுப்பிய பாதையும் அவளை மறித்த பாதையும் ஒன்றுதான். மருத்துவம் பெண்பிள்ளைக்கு ஏற்ற தொழில் என்பதும் ஒரு காலத்தில் புதுக்கதையாகத்தான் இருந்தது. கொழும்பில் மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கியது, பெண்களைச் சேர்த்ததோ 1892இல். யாரோ சில பெற்றோர் முதலில் அனுப்பியபடியால்தான் எங்களுக்கு வழி கிடைத்தது. அரச வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை, நாங்களும் அரச வேலையில் இருப்பவர்கள்தான். அதற்காகக் காத்திருக்கும் காலத்தை வீட்டிலே கழிக்கவேண்டியதில்லை என்றுதான் சொல்கிறோம். ஒரு வருடப் பயிற்சி பெற்ற பிள்ளை ஊருக்குத் திரும்பினாலும் வெறுங்கையோடு திரும்பமாட்டாள்.

பெற்றோரின் பெரிய கவலை தங்குமிடம். கொழும்பிலும் கண்டியிலும் எங்கள் பழைய மாணவிகள் இருக்கிறார்கள். முதல் மாதம் தங்க நம்பிக்கையான வீடு, நேர்முகத் தேர்வுக்கு முன் ஒரு ஒத்திகை, அவசரத்துக்கு அழைக்க ஒரு தொலைபேசி இலக்கம், இவற்றை ஒழுங்கு செய்ய ஒரு சிறு குழுவைச் சங்கம் இந்த நூற்றாண்டு வருடத்திலேயே அமைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அதில் வேலை செய்ய நாங்கள் ஆயத்தம். கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு கொப்பி வைத்திருப்போம். உதவக்கூடிய பழைய மாணவிகளும் உதவி தேவையான பிள்ளைகளும் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.