கட்டியை அளப்பது போதுமா?

புற்றுநோய் மருந்து பலன் தருகிறதா என்று பார்க்க, ஸ்கேன் எடுத்துக் கட்டியை அளக்கிறார்கள். 30 விழுக்காடு சுருங்கினால் ஓரளவு பலன் என்பது அனைத்துலக அளவுகோல். அது தெரிவதற்குள் பல வாரங்கள் ஓடிவிடும். மருந்து பலிக்காவிட்டால், நோயாளிக்கு வாந்தியும் சோர்வும்தான் மிச்சம்.

இதை முன்கூட்டியே கணிக்கச் செயற்கை நுண்ணறிவைப் பழக்குகிறார்கள். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 1,019 நோயாளிகளின் சிடி ஸ்கேன் படங்களிலிருந்து வடிவம், அடர்த்தி என 440 கூறுகளைக் கணினி அளந்தது. அவற்றுள் பல நோயின் போக்கைக் காட்டின.

ஆனால், ஒரு மருத்துவமனையின் படங்களில் பழகிய கணினி, இன்னோர் இடத்து ஸ்கேன் இயந்திரத்தில் தடுமாறலாம். “இம்மருந்து பலிக்காது” என்று அது தவறாகச் சொன்னால், பறிபோவது ஓர் உயிரின் வாய்ப்பு. எனவே, நம் நோயாளிகளின் படங்களில் சோதித்த பிறகே அதன் சொல்லுக்குச் செவிசாய்ப்போம்.