வங்கி யாருடையது? கடன் யாருக்கு?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிழைப்பைத் தேடி ஊரை விட்டு வந்தவர்கள் நாம். ஆனாலும் நம்மில் பலருக்கு ஊரில் அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ நிலம் இருக்கிறது. தகப்பனாரோ அண்ணனோ அதை உழுகிறார். விதைப்புக்கு நாம் அனுப்பும் பணம் போதாதபோது, அவர் எந்த வாசலில் போய் நிற்கிறார்? வங்கி வாசலிலா, வட்டிக்காரர் வாசலிலா? இதைத் தலைவிதி என்று சொல்வோர் உண்டு. வங்கி யார் கையில் இருக்கிறது என்று கேட்கச் சொல்கிறோம் நாம்.

1951-52-இல் ரிசர்வ் வங்கி கிராமக் கடனைப் பற்றி நாடு தழுவிய கணக்கெடுப்பு நடத்தியது. உழவர் வாங்கிய கடனில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கு வட்டிக்காரரிடம் வாங்கியது. கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது 3 பங்கு. வர்த்தக வங்கிகள் கொடுத்தது ஒரு பங்குகூட இல்லை!

காரணம் என்ன? பெரிய வங்கிகள் பல அன்று தொழிலதிபர், வணிகர் குடும்பங்களின் பிடியில் இருந்தன. ஆலைக்கு ஒரே கையெழுத்தில் கோடி ரூபாய் கொடுத்தால் லாபம். ஆயிரம் உழவருக்குச் சில நூறு ரூபாயாகக் கொடுத்து வசூலித்தால் செலவு. பங்குதாரர் எதை விரும்புவார்? பணம் போட்டவர் பலர். கடன் பெற்றவர் சிலர்.

1969 ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆயின. சென்னையில் பிறந்த இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அவற்றில் சேர்ந்தவை. 1980-இல் மேலும் 6 வங்கிகள் சேர்ந்தன. வங்கி உள்ள ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால், வங்கியே இல்லாத ஊர்களில் நான்கு கிளை திறக்க வேண்டும் என்று 1977-இல் விதி வந்தது. 1969-இல் 2,000-ஐ எட்டாத கிராமக் கிளைகள், 1990-இல் 30,000-ஐத் தாண்டின. 1991-இல் கணக்குப் பார்த்தபோது, கிராமக் கடனில் பாதிக்கு மேல் வங்கி, கூட்டுறவு போன்ற நிறுவனங்களுடையது.

ஆனால் 1990-இல் அந்த விதி கைவிடப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் கிராமக் கிளைகள் குறைந்தன. 2002 கணக்கெடுப்பில் நிறுவனக் கடனின் பங்கும் இறங்கியிருந்தது. பெரும்பாலான வங்கிகள் அப்போதும் அரசிடம்தான் இருந்தன! அரசுடைமை சாவி மாதிரி. அதைத் திருப்பும் கை வேண்டும். அந்தக் கை, விதியும் மக்களின் கேள்வியும்தான். சாவியே கைமாறிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? இரண்டு பொதுத்துறை வங்கிகளைத் தனியாருக்கு விற்கும் எண்ணம் 2021 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டதை மறந்துவிட வேண்டாம்.

அரசு வங்கியிலும் குறை உண்டு. பட்டா இல்லாத குத்தகை உழவர் இன்றும் வெளியே நிற்கிறார். அதையும் சேர்த்தே கேட்போம்.

தோழர்களே, நகரத்து வங்கியில் நாம் போடும் பணமும் யாருக்கோ கடனாகத்தான் போகிறது. அதில் நம் ஊர் உழவருக்கும் பங்கு உண்டு. 2 லட்சம் ரூபாய் வரை விவசாயக் கடனுக்கு ஈடு கேட்கக்கூடாது என்பது 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. இதை இன்றே ஊருக்குச் சொல்லுங்கள். வட்டிக்காரர் வாசலுக்குப் போகுமுன் வங்கி வாசலில் நின்று கேட்கச் சொல்லுங்கள். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.