சந்தனமா, பிஸ்கட்டா?



பெயிண்ட் கடையில் ஷேட் கார்டை விரித்தால் சந்தனக் கலரும் பிஸ்கட் கலரும் அக்கா தங்கை மாதிரி அடுத்தடுத்து இருக்கும். "ரெண்டும் ஒண்ணுதானே, எதையாவது அடிங்க" என்று வீட்டில் ஒருவர் சொல்வார். கேட்காதீர்கள்.

கார்டை ஒரு வெள்ளைத்தாளின் மேல் வைத்துப் பாருங்கள். சந்தனத்தில் மஞ்சள் இருப்பதும், பிஸ்கட்டில் லேசாகச் சிவப்பு ஒளிந்திருப்பதும் அப்போதுதான் தெரியும். நான்கு சுவரிலும் அடித்துவிட்டால் ஒரு சுவரின் நிறம் எதிர்ச்சுவரில் பட்டு இன்னும் ஏறிவிடும்.

அடுத்தது தரை. சிவப்பு ஆக்சைடு தரை உள்ள பழைய வீடா? ஜன்னல் வெயில் தரையில் விழுந்தால், முழங்கால் உயரம் வரைக்கும் சுவரில் சிவப்புச் சாயல் படியும். பிஸ்கட் அங்கே ரோஸ் கலராகிவிடும். அந்த வீட்டுக்குச் சந்தனம்தான் சரி. மேற்குப் பார்த்த ஜன்னல் என்றால் கதை மாறும்: சாயங்கால வெயிலில் சந்தனம் மஞ்சள் பூசிக் குளித்ததுபோல் ஆகும், அங்கே பிஸ்கட் அடக்கமாக நிற்கும்.

விளக்கையும் மறக்கக் கூடாது. நம் வீடுகளில் அதிகம் எரிவது 6500 கெல்வின் வெள்ளை எல்இடி. அதில் பிஸ்கட் கொஞ்சம் சாம்பல் பூத்துப்போகும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் அதே சுவர் இதமாகிவிடும்.

சிலர் பழைய பச்சைச் சுவரிலேயே சாம்பிள் அடித்துப் பார்க்கிறார்கள். பச்சைக்கு நடுவே எந்த நிறமும் சிவந்துதான் தெரியும். பாரிஸின் கோப்லென் நெசவுக்கூடத்தில் கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறதென்று புகார் வந்தபோது, சாயத்தில் குறையில்லை, பக்கத்து நிறங்கள்தான் அப்படிக் காட்டுகின்றன என்று கண்டார் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். அதை 1839-இல் புத்தகமாகவே எழுதினார்.

ஆகவே ஒரு பெரிய வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அட்டையை மேஜையில் கிடத்தாமல் சுவரோடு நிறுத்தி, காலை, மதியம், விளக்கு வைத்த பிறகு என மூன்று வேளையும் பாருங்கள்.

முடிவானதும் ஷேட் நம்பரைப் பில்லில் எழுதி வாங்குங்கள். பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் சந்தனம் இன்னொரு கம்பெனியில் பிஸ்கட்டாக இருக்கும். ஒரு அறைக்கு வேண்டிய டப்பாக்களை மொத்தமாக வாங்கி, பெரிய வாளியில் ஒன்றாகக் கலக்கிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.