நேரோட்டமும் சடுகுடுவும்

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தைப் பலமுறை சுற்றி ஓடியும் களைக்காத நண்பன் ஒருவன் இளமையில் எனக்கு இருந்தான். ஆனால் தாமிரபரணி மணலில் சடுகுடு ஆட வந்தால் கால்மணி நேரத்தில் உட்கார்ந்துவிடுவான். சோம்பேறி என்று பரிகாசம் செய்தோம். அது அநியாயம் என்பதைப் பௌதிகம் பயின்ற பின்னரே உணர்ந்தேன்.

சமவேகத்தில் நேராக ஓடுகிறவன் ஒரு கிலோமீட்டருக்கு, தன் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1 கிலோ கலோரி செலவிடுகிறான். 60 கிலோ எடையுள்ளவனுக்கு 10 மீட்டர் ஓடச் சுமார் 2,500 ஜூல் ஆகும். விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் அவனுடைய இயக்க ஆற்றல் 480 ஜூல். திரும்புவதற்காக நின்றால் அது பெரும்பாலும் வெப்பமாகி வீணாகிறது. மீண்டும் அவ்வேகத்தை எட்டத் தசைக்கு 480 ஜூல் போதாது. உணவின் சக்தியில் கால்பங்கே உழைப்பாக மாறுகிறது. ஆகவே 1,900 ஜூல் வரை வேண்டும். நிறுத்துவதற்கும் தசைக்குச் சிறிது கூலி உண்டு. ஒரு முழுத் திருப்பம் 10 மீட்டர் ஓட்டத்துக்கு ஏறக்குறைய ஈடாகிவிடுகிறது! வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும்.

ஆடவர் கபடிக் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமுமே. பாடிச் செல்பவனுக்கு 30 விநாடி. அதற்குள் எத்தனை பாய்ச்சல், எத்தனை பின்வாங்கல்! ஆற்று மணல் காலை இழுப்பது வேறு கணக்கு.

மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டே சடுகுடு வீரரை உருவாக்க எண்ணும் ஆசிரியர்கள் இன்றும் உண்டு. 20 மீட்டர் இடைவெளியில் இரு கோடுகள் கிழித்து, கோட்டுக்குக் கோடு ஓடித் திரும்பச் செய்து பார்க்கட்டும்.